பையில் தைத்த படகு

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது

ஆகஸ்டு மாதம் 29-ஆம் நாள் மாலையில் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் சென்றவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. அன்றுதான் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்தில் கொடியேற்றம். சென்னையின் நாலா திசைகளிலிருந்தும் மக்கள் கால்நடையாகவே வந்து சேருகிறார்கள். பெரியவர், சிறியவர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எங்கு நோக்கினும் காவி உடை. ஒரு பக்கம் நீலக் கடல், மறுபக்கம் காவிக் கடல் எனலாம்.

அன்புத் தோழியரே, அந்தக் காவிக் கடலில் உங்கள் பாட்டியைத் தொலைத்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? "காவிப் புடவை கட்டியிருப்பார், தலை நரைத்திருக்கும், கையில் ஜெபமாலை இருக்கும்" என்று சொல்வீர்களா? அங்கே அப்படிப்பட்ட பாட்டிமார் ஆயிரக்கணக்கில் இருப்பார்களே!

இது கற்பனைக் கேள்வி அன்று. எனக்கே நேர்ந்தது. அதனால்தான் யாத்திரிகர்கள் தங்கள் பைகளில் அடையாளச் சின்னம் தைத்துக்கொள்வதைப் பற்றி இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

நடந்தது என்ன?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தைச் சேர்ந்த 43 பேர் சாந்தோமிலிருந்து புறப்பட்டோம். பட்டினப்பாக்கம், அடையாற்றுப் பாலம், சாஸ்திரி நகர் வழியாக நடந்தோம். என் பாட்டிக்கு அப்போது வயது 74. கால் திடமாக இருந்தது, ஞாபகம்தான் சற்றுத் தளர்ந்திருந்தது. "பாட்டி கையை விடாதே" என்று அம்மா என்னிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

நான் விட்டேன். கடற்கரை நெருங்கியபோது மாங்காய்ப் பத்தை வாங்குவதற்காக ஒரு நிமிடம், ஒரே நிமிடம்தான், கையை விட்டேன். திரும்பிப் பார்த்தால் பாட்டி இல்லை.

அதன்பின் இரண்டரை மணி நேரம் நாங்கள் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும். கைப்பேசியில் அழைக்கலாம் என்றால் கூட்ட நெரிசலில் இணைப்பே கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் பாட்டன், பேரன் என்று எல்லோரும் பாடிக்கொண்டிருந்த அந்த இரைச்சலில் பாட்டிக்கு மணியோசை கேட்டிருக்காது. ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைத்தார்கள். அதே பெயர் கொண்ட வேறு இரண்டு பாட்டிமார் வந்து நின்றார்கள்! கொடியேறியது, வாணவேடிக்கை போல மக்கள் ஆர்ப்பரித்தார்கள். நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன்.

முடிவில் கடற்கரை மணலில், வேறொரு ஊரிலிருந்து வந்த குழுவினர் நடுவே, அவர்கள் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு பாட்டி உட்கார்ந்திருந்தார்கள். அந்த நல்ல மனிதர்கள் முகவரி கேட்டிருக்கிறார்கள். பாட்டியோ முப்பது ஆண்டுகளுக்கு முன் குடியிருந்த மயிலாப்பூர் வீட்டு முகவரியைச் சொல்லியிருக்கிறார்கள். "ஏன் பாட்டி எங்களை விட்டுப் போனீங்க?" என்று கேட்டேன். பாட்டி வியப்போடு என்னைப் பார்த்தார்கள். "நான் எங்கேடி போனேன்? காவித் துணியைப் பார்த்துக்கிட்டே பின்னாடி வந்தேன். எல்லாரும் நம்ம ஆளுங்க மாதிரியேதான் இருந்தாங்க" என்றார்கள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பாட்டி சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை என்பது மெல்ல மெல்லப் புரிந்தது.

இரண்டு கேள்விகள்

யாத்திரை உடை என்பது ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறது. "இவர் யார்?" என்றால், "இவர் யாத்திரிகர்" என்று காவி உடை சொல்லிவிடும். வழியில் தண்ணீர் கொடுப்பவரும் வண்டியை நிறுத்தி வழிவிடுபவரும் அதைப் பார்த்துத்தான் உதவுகிறார்கள். பணக்காரர், ஏழை என்ற பேதத்தையும் அது மறைத்துவிடுகிறது. அது அதன் பெருமை.

ஆனால் "இவர் யாரைச் சேர்ந்தவர்?" என்ற இரண்டாவது கேள்விக்கு அந்த உடை விடை சொல்வதில்லை. அனைவரையும் ஒன்றாகக் காட்டும் அதே உடை, ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய முடியாமலும் செய்துவிடுகிறது. இந்த இரண்டாவது கேள்விக்கு விடைதான் அடையாளச் சின்னம்.

இக்கஷ்டம் நமக்கு மட்டும் உரியதன்று. சபரிமலைக்குச் செல்வோர் கறுப்போ நீலமோ அணிந்து இருமுடி சுமக்கிறார்கள். அக்கூட்டத்தில் குழந்தைகள் தவறிவிடாதிருக்கப் பம்பையில் கேரளப் போலீசார் சிறுவர் சிறுமியரின் மணிக்கட்டில் பட்டை கட்டி அனுப்புகிறார்கள். ஹஜ் யாத்திரையில் ஆண்கள் தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகளையே அணிகிறார்கள். அரசனும் ஆண்டியும் அங்கே ஒன்று. 2024-ஆம் ஆண்டில் நம் நாட்டிலிருந்து மட்டும் சுமார் ஒன்றே முக்கால் லட்சம் பேர் சென்றனர். அவர்களில் ஹஜ் கமிட்டி மூலம் செல்வோருக்கு எண் பொறித்த எஃகு வளையம் ஒன்று கையில் அணியத் தரப்படுகிறது. மொழி தெரியாத ஊரில் வழி தவறினாலும் அந்த வளையம் பேசும்.

மராட்டிய மாநிலத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு வார்க்கரிகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய மூன்று வாரம் நடக்கிறார்கள். லட்சக்கணக்கானோர் நடந்தும் அவர்கள் சிதறுவதில்லை. காரணம், அவர்கள் "திண்டி" என்னும் குழுக்களாகப் பிரிந்து நடக்கிறார்கள். ஒவ்வொரு திண்டிக்கும் ஓர் எண் உண்டு. ரதத்துக்கு முன்னால் எத்தனையாவது, பின்னால் எத்தனையாவது என்று இடமும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. வழி தவறியவர் தம் திண்டியின் எண்ணைச் சொன்னால் போதும், எந்த வார்க்கரியும் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

பிரயாகையில் நடைபெறும் கும்பமேளாவிலோ, தொலைந்தவர்களைச் சேர்த்துவைப்பதற்கென்றே ஒரு முகாம் நடக்கிறது. ராஜாராம் திவாரி என்ற ஒருவர் 1946-ஆம் ஆண்டு அதைத் தொடங்கினார். 2016-இல் தாம் இறக்கும் வரை அப்பணியை அவர் விடவில்லை. தவறியவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் அழைத்து அழைத்து, கணக்கற்ற குடும்பங்களை அவர் ஒன்று சேர்த்திருக்கிறார். ஒரு மனிதர் எழுபது ஆண்டுகள் செய்யத்தக்க வேலை அது என்றால், கூட்டத்தில் ஒருவரைத் தேடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று எண்ணிப் பாருங்கள்.

பழங்காலத்துச் சின்னங்கள்

யாத்திரிகர் சின்னம் அணிவது புதிய பழக்கம் அன்று. ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டிலேயே இது வேரூன்றிவிட்டது. ஸ்பெயின் நாட்டிலுள்ள சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவில் நம் சந்தியாகப்பரின் கல்லறை இருப்பதாக மக்கள் நம்பி நடந்து செல்வார்கள். அந்த யாத்திரையின் அடையாளம் விசிறி போன்ற கடற்சிப்பி. அக்காலத்தில் தேவாலயத்தின் முன்னே சிப்பிகள் விற்கப்பட்டன. தொப்பியிலோ தோள்பையிலோ அதைத் தைத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். இன்றும் அவ்வழியே நடக்கும் பல நாட்டினர் தங்கள் முதுகுப் பையில் ஒரு சிப்பியைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். முன்னே செல்பவர் பையில் சிப்பி ஆடினால், பின்னே வருபவர் முன்பின் தெரியாதவரானாலும் பேச்சுக் கொடுப்பார்.

இங்கிலாந்தில் கான்டர்பரி ஆலயத்தில் பேராயர் தாமஸ் பெக்கட் 1170-இல் கொல்லப்பட்டு, 1173-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரது கல்லறையைத் தரிசித்தவர்கள் ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த சிறு வில்லைகளை வாங்கி அணிந்தனர். அவற்றில் பல பிற்காலத்தில் தேம்ஸ் நதியின் சேற்றிலிருந்து கிடைத்திருக்கின்றன. ரோமாபுரிக்குச் சென்றவருக்குக் குறுக்காக வைத்த இரு திறவுகோல்கள், எருசலேம் சென்றவருக்குக் குருத்தோலை என்று ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு குறி இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிகுந்த காலத்தில் அந்தக் குறியைப் பார்த்ததும் "இவர் இன்ன ஊர் போய் வந்தவர்" என்று அனைவரும் அறிந்தனர்.

நம் மயிலாப்பூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்று அறிந்தபோது எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னிந்தியாவுக்கு வந்த மார்கோ போலோ, புனித தோமையாரின் கல்லறைக்குக் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் யாத்திரை வருவதாக எழுதியிருக்கிறார். அவர் வேதசாட்சியாக மரித்த இடத்துச் சிவந்த மண்ணை யாத்திரிகர்கள் எடுத்துச் சென்று காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுத்தார்கள் என்றும் குறிப்பிடுகிறார். அவர்களுக்குச் சிப்பியும் இல்லை, வில்லையும் இல்லை. கைப்பிடி செம்மண்ணே அவர்கள் எடுத்துச் சென்ற அடையாளம்.

உயிர் காக்கும் பட்டை

அடையாளம் உயிரையும் காக்கும் என்பதைப் பழனி பாதயாத்திரையில் காணலாம். தைப்பூசக் காலத்தில் பல்லாயிரம் பேர் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடக்கிறார்கள். வேகமாக வரும் வாகனங்களுக்கு இருட்டில் நடப்பவர்கள் தெரிவதில்லை. அதனால் விபத்துகள் நேர்ந்தன. இப்போது போலீசாரும் தொண்டர்களும் பக்தர்களின் பைகளிலும் சட்டை முதுகிலும் ஒளிரும் ஸ்டிக்கர்களை ஒட்டி அனுப்புகிறார்கள். வண்டியின் விளக்கு வெளிச்சம் பட்டவுடன் அது பளிச்சிடும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால் கடந்து வேளாங்கண்ணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் நடப்பவர்களுக்கும் இது மிக மிகத் தேவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லச் சங்கடமாக இருந்தாலும் என் தந்தை "எழுது" என்றார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக வெளியூர்களிலிருந்து வேளாங்கண்ணிக்கு வந்து தங்கியிருந்த பலர் ஆழிப்பேரலையில் மாண்டனர். இன்னார் என்று அறியப்படாமலே அடக்கம் செய்யப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. எங்கோ ஓர் ஊரில் அவர்களைத் தேடி ஒரு குடும்பம் காத்திருந்திருக்கும். என் தந்தை அன்று முதல் எந்த யாத்திரைக்குச் சென்றாலும் வீட்டு எண்ணை ஒரு தாளில் எழுதி, நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் இட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். "பயத்தினால் அல்ல, வீட்டிலிருப்பவர்களுக்குச் செய்யும் மரியாதை அது" என்பார்.

பாட்டி மறுத்தார்கள்

நிற்க. மறு ஆண்டு யாத்திரைக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. பாட்டியின் பெயர், வயது, வீட்டு முகவரி, தொலைபேசி எண் அனைத்தையும் ஓர் அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிடலாம் என்று மாமா சொன்னார். பாட்டிக்கு வந்ததே கோபம்!

"நான் என்ன ரயில் பார்சலா, சீட்டு ஒட்டி அனுப்ப? இத்தனை வருஷம் மாதாவைப் பார்க்க நானா நடந்து போனவ. கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டுப் போறதா இருந்தா நான் வரவே இல்ல" என்று சொல்லிப் படுக்கப் போய்விட்டார்கள்.

எனக்கு இரு பக்கமும் நியாயம் இருப்பதாகப் பட்டது. பாட்டி மீண்டும் தவறக்கூடாது. ஆனால் அவரை மட்டும் தனியே பிரித்து, "இவர் தொலைந்துபோகிறவர்" என்று ஊருக்கு அறிவிக்கும் அட்டையைக் கட்டினால், அது அவர் மனத்தைப் புண்படுத்தாதா?

எங்கள் தையல் சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர்கள் என் சீருடையைச் சுட்டிக்காட்டி, "உன் சட்டையில் பள்ளிச் சின்னம் இருக்கிறதே, உனக்கு அவமானமாக இருக்கிறதா?" என்று கேட்டார்கள். "இல்லை சிஸ்டர், எல்லோரும்தானே அணிகிறோம்" என்றேன். சொன்னவுடனேயே விடை கிடைத்துவிட்டது. பாட்டிக்கு மட்டும் அட்டை என்றால் அது சீட்டு. 43 பேருக்கும் ஒரே சின்னம் என்றால் அது கௌரவம்.

நாங்கள் தைத்த விதம்

இதைப் படிக்கும் தோழியர் தங்கள் குழுவுக்கும் செய்ய விரும்பினால் உதவும் என்பதற்காக விவரமாக எழுதுகிறேன்.

முதலில் சின்னத்தைத் தேர்ந்தெடுத்தோம். எழுத்துகள் வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஏனெனில் பாட்டிக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது, சிறு குழந்தைகளுக்குப் படிக்கவே தெரியாது. படம் என்றால் யாவருக்கும் புரியும். புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகளை மாதா கரை சேர்த்த வரலாறு நாம் அறிந்ததே. எனவே ஒரு பாய்மரப் படகை வரைந்தோம். வெள்ளைத் துணியில் நீலப் படகு. காவி நிறத்துக்கு எதிரே நீலம் எடுப்பாகத் தெரியும். வரைந்த படத்தைப் பள்ளித் தாழ்வாரத்தின் ஒரு கோடியில் பிடித்துக்கொண்டு மறு கோடியிலிருந்து பார்த்தோம். முதலில் வரைந்த படகில் கயிறு, நங்கூரம், மாலுமி எல்லாம் இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தபோது அது படகா, பலாப்பழமா என்றே தெரியவில்லை! எல்லாவற்றையும் நீக்கி ஒரு பாயும் ஓர் அடிப்பாகமும் மட்டும் வைத்த பின்தான் தெளிவாகத் தெரிந்தது. சின்னம் எளிமையாக இருக்க வேண்டும் என்பது முதற் பாடம்.

அடுத்தது துணி. தி. நகரில் தையல் சாமான் கடையில் 90 சென்டிமீட்டர் அகலமுள்ள கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணி ஒரு மீட்டர் வாங்கினோம். முதுகுப் பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் தேவை. நான்கு ஓரமும் மடித்துத் தைக்க ஒவ்வொரு சென்டிமீட்டர் விட்டால் 12 சென்டிமீட்டர் சதுரமாக வெட்ட வேண்டும். அகலத்தில் 7, நீளத்தில் 8, ஆக 56 துண்டுகள் கிடைத்தன. அவற்றில் 43 முதுகுக்கு. மீதியில் 11 துண்டுகளை நான்காக வெட்டி, தோள்பட்டைக்கு உரிய சிறு துண்டுகள் 44 எடுத்தோம். ஒரே மீட்டரில் வேலை முடிந்தது. கணக்குப் பாடம் வீண்போகவில்லை!

தோள்பட்டையில் எதற்கு இன்னொன்று என்று கேட்கலாம். பின்னால் வருபவர்தான் முதுகைப் பார்ப்பார். எதிரே தேடி வருபவர் மார்பையே பார்ப்பார். எனவே முன்னும் பின்னும் வேண்டும். முதுகுப் பக்கத்தில் அதைப் பையின் மேற்பகுதியில் தைக்க வேண்டும். கீழ்ப்பகுதி நெரிசலில் மறைந்துவிடும்.

அட்டையில் படகின் உருவத்தை வெட்டி, அதன்மேல் துணிக்குரிய வர்ணத்தைத் தடவினோம். பசையால் ஒட்டினால் மழையில் உரிந்துவிடும். ஆகஸ்டு மாத மாலை மழையை நம்ப முடியாது. ஊக்கு குத்தினால் நெரிசலில் கழன்று யார் கையிலாவது குத்தும். எனவே நான்கு ஓரமும் காஜாத் தையல் போட்டோம். ஆறு பேர் மூன்று சனிக்கிழமைகள் உட்கார்ந்து தைத்தோம். நான் தைத்த முதல் பையில், பையின் வெளிப்பக்க அறையையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். அறைக்குள் கையே போகவில்லை! சிஸ்டர் சிரித்துக்கொண்டே பிரித்துத் தரச் சொன்னார்கள். தைக்கும்போது அறைக்குள் ஓர் அட்டையை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

சின்னத்தின் கீழே இரவு நேரத்துக்காக ஒளிரும் பட்டை ஒன்று தைத்தோம். பையின் மூடிக்கு உட்புறம், அழியாத மையினால் குழுத் தலைவர் இருவரின் தொலைபேசி எண்களை எழுதினோம். குழந்தைகளின் பெயரை மட்டும் வெளியே எழுதவில்லை. ஏன் தெரியுமா? பெயரைப் படித்துவிட்டால் முன்பின் தெரியாதவர்களும் குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்கலாம். பெயர் சொல்லி அழைப்பவர் தெரிந்தவர் என்று குழந்தை நம்பிவிடும். ஆகையால் வெளியே படகு, உள்ளே எண். தீபாவளிச் சமயத்தில் தி. நகர் ரங்கநாதன் தெரு நெரிசலில் போலீசார் குழந்தைகளின் கையில் கட்டும் பட்டையிலும் பெற்றோரின் தொலைபேசி எண்ணே முக்கியம் என்பதை நினைவில் கொள்க.

இன்னுமொரு குறையைச் சிஸ்டர்தான் சுட்டிக்காட்டினார்கள். "பையில் தைத்த சின்னம் பைக்குத்தானே அடையாளம்? பையைக் கழற்றிவைத்துவிட்டால்?" என்றார்கள். உண்மைதான். பாட்டியின் பையை யாராவது வாங்கிச் சுமந்துகொண்டால், படகு ஒரு பக்கமும் பாட்டி ஒரு பக்கமும் போய்விடும். எனவே எஞ்சியிருந்த இரண்டு பெரிய துண்டுகளில் ஒன்றைப் பாட்டியின் சுருக்குப்பையில் தைத்தேன். அந்தச் சுருக்குப்பையைப் பாட்டி தூக்கத்திலும் பிரிய மாட்டார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படகைத் தடவிப் பார்த்தார்கள். "ஃபாதர் பையிலயும் இருக்கா?" என்று கேட்டார்கள். "இருக்கு பாட்டி" என்றேன். "அப்ப சரி" என்றார்கள்.

படகுக்காரர்கள்

சென்ற ஆண்டு ஆகஸ்டு 29 அன்று நாங்கள் அதே வழியில் நடந்தோம். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டியபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்காக எல்லோரும் ஓடினோம். பாட்டியின் கையை நான் விடவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பின்னாலிருந்து வந்த ஒரு கூட்டம் எங்கள் நடுவே புகுந்தபோது பிடி நழுவிவிட்டது. மறுபடியும் பாட்டி இல்லை. மறுபடியும் என் நெஞ்சு பதறியது.

சாலையோரத்தில் இளநீர் விற்கும் பெரியவர் ஒருவர் தம் வண்டிக்கு மேல் தார்ப்பாய் கட்டியிருந்தார். அவர் எங்களை முன்பின் அறியாதவர். தார்ப்பாயின் கீழ் வந்து ஒதுங்கிய பாட்டியின் முதுகில் ஒரு நீலப் படகைக் கண்டிருக்கிறார். சற்று நேரத்தில் அதே படகு என் தோளில் வருவதையும் கண்டார். உடனே கை தட்டி, உரத்த குரலில், "ஏ படகுக்காரங்களே! உங்க பாட்டி இங்க இருக்காங்க!" என்று கூவினார்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முன் ஆண்டு இரண்டரை மணி நேரம், ஒலிபெருக்கி, கண்ணீர். இம்முறை ஒரு சாண் துணியும் ஒரு நல்ல மனிதரின் கண்ணும் போதுமானதாக இருந்தன. அவருக்கு எங்கள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. "இதுவும் அதுவும் ஒன்று" என்று மட்டும் தெரிந்தது. அன்றிலிருந்து எங்கள் குழுவுக்குப் "படகுக்காரர்கள்" என்றே பெயர் வந்துவிட்டது. பாட்டிக்கு அதில் மிகுந்த பெருமை.

முடிவுரை

சின்னம் அணிவதால் பிறர் நம்மை அறிகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அணிந்த பிறகு வேறொன்றும் புரிந்தது. படகு என் முதுகில் இருந்தபோது வரிசையை முந்திச் செல்ல மனம் வரவில்லை. குடித்த தண்ணீர் உறையைத் தெருவில் எறியத் தோன்றவில்லை. எறிந்தால் 43 பேருக்கும் அல்லவா கெட்ட பெயர்! நம் பள்ளிச் சின்னமும் அப்படித்தான். அதை அணிந்து பேருந்தில் ஏறும் ஒவ்வொருத்தியும் பள்ளி முழுவதையும் தன்னோடு ஏற்றிச் செல்கிறாள்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எவ்வளவு நன்றாகத் தைத்த சின்னமும் கையைப் பிடித்துக்கொள்வதற்கு ஈடாகாது. சின்னம் கை நழுவிய பிறகு உதவுவதற்கே. இந்த ஆண்டு யாத்திரைக்குப் பாட்டியின் சுருக்குப்பையில் பழைய படகின் நூல் பிரிந்திருப்பதைப் பார்த்தேன். எஞ்சியிருந்த கடைசித் துண்டை எடுத்துப் புதிதாகத் தைத்துவிட்டேன். வழியில் மாங்காய்ப் பத்தை விற்கும் இடம் வரும்போது பாட்டியையும் உடன் அழைத்துச் சென்று இருவருக்குமாக வாங்குவது என்று தீர்மானித்திருக்கிறேன்.

ஆரோக்கிய அன்னை நம் அனைவரையும் பத்திரமாகக் கரை சேர்ப்பாளாக!